காலையில் தொண்ணூறு, மதியம் அறுபது

சௌமியாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவள்மேல் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை. காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே வயிற்றில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பொறாமை. ஆதங்கம், மனக்குறை என்று வேறு பெயர்கள் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் பெயர் அசோகன், வியாசர்பாடிக்காரன். திருவொற்றியூரில் ஆம்ப்ளிஃபயர் செய்யும் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடமாகச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி ராயபுரம் சாபிரா மேடம். கோயில், மசூதி, மாதா கோயில், கட்சி மேடை என்று இந்தப் பக்கம் மைக்கில் யார் கத்தினாலும் அதில் பாதிச் சத்தம் எங்கள் பெட்டி வழியாகப் போகிறது என்று மேடம் பெருமையடித்துக்கொள்வார். பெட்டி முடிந்ததும் என்னிடம் வரும். மீட்டர் வைத்து எங்கெங்கே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்த்து, சரி என்றால் ஒரு பச்சைப் புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளிக்காகத்தான் நான் உயிர் வாழ்கிறேன் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நான் மறுத்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் சௌமியா வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. காத்திவாக்கத்தில் மீன்பிடிக் குடும்பம். அப்பா பொன்ராஜ் எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவர். டிப்ளமோ முடித்து, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பி.இ. படித்தவள். கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் இருக்கிறார். ஒரு பெண் குழந்தை. வந்த முதல் நாளே தாலிச் சங்கிலியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டு ஊசி குத்திக்கொண்டாள். தொங்குகிற உலோகம் போர்டில் பட்டால் அதோகதி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. சொல்லித்தர ஏதாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் பட்டறையே அங்கே கூடிவிடும். இறால் தொக்கு. என் தக்காளிச் சாதத்தை எட்டிப் பார்க்க ஒரு ஈ கூட வராது. "அண்ணா, எடுத்துக்கோங்க" என்று முதல் கரண்டியை எனக்குத்தான் வைப்பாள். தின்றுகொண்டே வயிறெரிவது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

தொக்கைக்கூட மன்னித்துவிடலாம். லேப்டாப்பை மன்னிக்க முடியவில்லை. கீல் உடைந்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பழைய லேப்டாப். அதற்குள்ளேயே சர்க்யூட்டை வரைந்து, அதற்குள்ளேயே கரண்டை ஓடவிட்டு, இந்த இடத்தில் இத்தனை வரும், அந்த இடத்தில் இத்தனை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். சிமுலேஷன் என்று பெயர். போர்டே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் ஜாதகம் எழுதியாகிவிட்டது. நான் மீட்டர் வைத்தால் அவள் சொன்ன எண்தான் வரும், ஒன்றிரண்டு கூடக் குறைய. இரண்டு வருடம் அப்படியே வந்தது. நான் ஒவ்வொரு முறையும் மீட்டரைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்பேன். அது என் பக்கம் சாயவே இல்லை.

போன மே மாதம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. கடலோரக் குப்பங்களில் புயல் எச்சரிக்கை சொல்லக் கம்பத்தில் மாட்டும் ஸ்பீக்கர்களுக்கு நூற்றிருபது ஆம்ப்ளிஃபயர்கள். எல்லாம் பேட்டரியில் ஓட வேண்டும். புயல் நேரத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும். அதனால் பெட்டி சத்தம் போடாமல் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பதுதான் முக்கியம். ஐம்பது மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தம். சௌமியா லேப்டாப்பில் போட்டு நாற்பத்திரண்டு என்றாள்.

மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மாதிரிக்கு பத்து பெட்டி. அடுத்த வாரம் சனிக்கிழமை பாக்க வர்றாங்க. சௌமியா போட்ட கணக்கு மீட்டர்ல வந்துச்சுன்னா, இனிமே டெஸ்டிங் இன்சார்ஜ் அவங்க. வரலன்னா அசோகனே பாத்துக்கட்டும்."

இன்சார்ஜ் என்று எங்கள் பட்டறையில் இதற்கு முன் யாரும் இருந்ததில்லை. அப்படி ஒரு பதவி வரும், வந்தால் எனக்குத்தான் என்று நான் பத்தொன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். 'வரலன்னா அசோகனே' என்ற அந்தச் சொல்லை வீடு போகும்வரை வாயில் போட்டு மென்றேன். நான் இருக்கிற இடத்தில், அவள் தோற்றால்தான் எனக்கு இடம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சடையங்குப்பத்திலிருந்து வரும் குப்பம்மா அக்கா, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் முடிந்த பத்து போர்டுகளையும் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தார். சால்டரிங்கின்போது தடவும் பிசுக்கு போக, முதலில் வெந்நீர், கடைசியில் பேட்டரி தண்ணி. இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிறோமே, அந்தக் கேன் தண்ணீர்தான். அதில் உப்பு, சுண்ணாம்பு எதுவும் கிடையாது. எங்கள் பட்டறைக் குழாயில் வரும் போர் தண்ணீரிலோ சோப்பு நுரைக்கவே நுரைக்காது.

குப்பம்மா அக்கா கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "நைனா, பேட்டரி தண்ணி காலியாயிடுச்சு. கடைசி அலசலுக்கு இன்னா பண்றது?"

நான் அந்த நேரம் மேடத்தின் கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சௌமியாவுக்கு நாற்காலி போட்டு, பிஸ்கட் தட்டை நகர்த்தி, இருவரும் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அல்லாத்தையும் என்னையே வந்து கேளு" என்றேன். "பைப்புல தண்ணி வருதுல்ல, அதுல அலசி வெய்யி. போ."

அவர் போய் அலசினார். நான் சொன்னதை அடுத்த நிமிடமே மறந்துபோனேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை முதல் பெட்டியில் மீட்டர் வைத்தோம். தொண்ணூறு. இரண்டாவது எண்பத்தெட்டு. மூன்றாவது தொண்ணூற்று மூன்று. பத்திலும் அதே கதை.

எனக்குள் மேளம் கொட்டியது என்பதை மறைக்கப் போவதில்லை. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்குப் போனவன் மாதிரி வைத்துக்கொண்டேன். "இன்னாம்மா, நாப்பத்திரண்டுன்ன?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அக்கறையாகக் கேட்டதற்கு எனக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்.

அவள் கோபப்படவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "எங்கியோ வுட்டுட்டேன்ணா, பாக்கறேன்" என்றாள். லேப்டாப் சாதாரணமாக இருபத்தேழு டிகிரியை வைத்துக்கொண்டு கணக்குப் போடுமாம். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் முப்பத்தெட்டு. அதை மாற்றிப் போட்டாள். சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் அதிகமாகக் கரண்ட் குடிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் நாற்பத்திரண்டு நாற்பத்தெட்டாகத்தான் ஆனது. தொண்ணூறு எங்கே, நாற்பத்தெட்டு எங்கே.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை மீட்டர் வைத்தாள். அறுபது.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கூரை கொதிக்கும் மதியத்தில் கரண்ட் ஏற வேண்டும், இது இறங்குகிறது. காலையில் அதிகம், மதியம் குறைவு. இதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். 2015 வெள்ளத்தில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்த போர்டுகள் எல்லாம் இதே ஆட்டம் ஆடின. போர்டில் படிந்த உப்பு காலையில் கடல்காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, கம்பியே இல்லாத இடத்தில் கரண்டுக்கு வழி விடும். மதிய வெயிலில் காய்ந்ததும் வழி பாதி அடைபடும். அன்றைக்கு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு நான்தான் கண்டுபிடித்தேன்.

ஆக, காரணம் எனக்குத் தெரியும். காரணத்துக்குக் காரணமும் தெரியும். 'பைப்புல அலசி வெய்யி' என்று சொன்ன வாய் என்னுடையது. ஒரு வாக்கியம் பேசினால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் பேசவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் டிரான்சிஸ்டர்களை மாற்றிப் பார்த்தாள். போலிச் சரக்கோ என்று வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டாள். அதே தொண்ணூறு. பிறகு என் மீட்டரையே சந்தேகப்பட்டு, வேறு மீட்டரை வாங்கி வைத்துப் பார்த்தாள். அதுவும் தொண்ணூறு. எனக்குச் சுருக்கென்றது. என் மீட்டரையா? என்ன திமிர் என்று மனதுக்குள் திட்டினேன். உண்மையில் அது திமிர் இல்லை, ஒழுங்காக வேலை செய்கிற எவரும் செய்வதுதான். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

புதன்கிழமை மேல் தட்டிலிருந்த என் பழைய சோதனை நோட்டுகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடத்து நோட்டுகள். எலி கடித்தது போக ஆறு மிச்சம்.

"அதுல இன்னாத்த தேடற?" என்றேன்.

"சும்மாதாண்ணா. பழைய ரீடிங்கெல்லாம் எப்பிடி இருந்துச்சுன்னு."

அந்த நோட்டுகளில் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் எரிச்சல் என்னவென்றால், அவள் தோற்றுக்கொண்டிருந்தபோதும் யாரும் அவளை ஏளனமாகப் பார்க்கவில்லை. பேக்கிங் செய்யும் ஷாஸியா கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தாள். மேடம் பக்கத்தில் வந்து நின்று, "வந்துடும் சௌமியா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். 2015இல் நான் இரண்டு நாள் முட்டி மோதியபோது, "இன்னும் ஆகலையா?" என்பதைத் தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லை. தோற்கிறவளுக்கே இந்த மரியாதை என்றால், ஜெயித்தால் மாலை போடுவார்கள் போலிருக்கிறது.

வியாழக்கிழமை சாப்பிடும்போது, தொக்கை என் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, உங்ககிட்ட இந்த போர்டு வந்திருந்தா நீங்க மொதல்ல எங்க பாப்பீங்க?"

"நீதானே படிச்சவ" என்றேன். "கம்ப்யூட்டரையே கேளு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, எதையோ எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு, "சரிண்ணா" என்று டப்பாவை மூடினாள். அன்றைக்குத் தொக்கு எனக்கு இறங்கவில்லை. காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேடத்தைக் கூப்பிட்டாள். நானும் ஷாஸியாவும் குப்பம்மா அக்காவும் சுற்றி நின்றோம். லேப்டாப்பில் சர்க்யூட் படம். ஒரு சின்ன டிரான்சிஸ்டரின் இரண்டு கால்களைக் காட்டினாள்.

"மேடம், ஸ்பீக்கருக்கு கரண்ட் தர்ற பெரிய டிரான்சிஸ்டருங்கள அடக்கி வெக்கிறது இந்தச் சின்னதுதான். கரண்ட மிச்சம் பண்ணணும்னு இதச் சுத்தி நான் பெரிய ரெசிஸ்டரா போட்டுட்டேன். அதனால இந்த எடத்துல துளி கசிஞ்சாகூட பெரிசுங்க ரெண்டும் ஆட்டம் போடும். இப்ப பாருங்க, இந்த ரெண்டு காலுக்கும் நடுவுல இல்லாத ஒரு ரெசிஸ்டர போடறேன்."

போட்டாள். பொத்தானை அழுத்தினாள். நாற்பத்தெட்டு மறைந்து திரையில் தொண்ணூற்றொன்று வந்தது. அந்த ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டினாள். அறுபது.

"காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு" என்றாள். "போர்டுல இல்லாத பார்ட்டு, ஆனா போர்டுல கீது. வெயில் ஏறுனா வத்திப்போவுது."

நான் இரண்டு நாள் முகர்ந்தும் தடவியும் கண்டுபிடித்ததை, அவள் இன்ன இடத்தில் இன்ன அளவு என்று எண்ணாகவே எழுதி வைத்துவிட்டாள். கை தட்டவும் தோன்றியது, லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைக்கவும் தோன்றியது.

பிறகு அவள் செய்ததை வேறு எந்த இன்ஜினியரும் செய்ய மாட்டார். இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டைக் கழற்றி, முகத்துக்கு நேரே தூக்கி, அந்த இடத்தை நாக்கு நுனியால் தொட்டாள்.

"அய்யோ, ஈயம்" என்று மேடம் கையைப் பிடித்தார்.

சௌமியா துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள். "கரிக்குது மேடம். கடல் தண்ணி உள்ள ஏறியிருக்குதான்னு எங்கப்பா நாக்குல வெச்சு பாத்துட்டுதான் கழிமுகத்துல வலை வுடுவாரு. இது உப்பு. பேட்டரி தண்ணில அலசுன போர்டு இப்பிடி கரிக்காது."

மேடம் மெதுவாகத் திரும்பினார். மெதுவாகத் திரும்பினால் கோபம் அதிகம் என்று எங்களுக்குத் தெரியும். "குப்பம்மா, எந்தத் தண்ணில அலசினீங்க?"

"பைப்பு தண்ணிதாம்மா" என்றார் குப்பம்மா அக்கா.

"யாரக் கேட்டு?"

குப்பம்மா அக்கா தரையைப் பார்த்தார். இந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டது நான். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் நான் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். 'நான் எப்ப சொன்னேன்' என்று ஒரு கத்து கத்தியிருப்பேன். அவர் பார்க்காததுதான் என்னைக் கொன்றது.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்" என்றார் மேடம்.

அக்கா தலையை ஆட்டினார். தொட்டியருகே கவிழ்த்து வைத்திருந்த தன் டிபன் பாக்ஸை எடுக்கப் போனார்.

"நான்தான் மேடம் சொன்னேன்" என்றது என் குரல். "அவங்க வந்து கேட்டாங்க. நான்தான் பைப்புல அலசச் சொன்னேன்."

மேடம் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க இருங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு ஆளை அனுப்பி நான்கு கேன் பேட்டரி தண்ணி வாங்கி வரச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். என்னைத் திட்டவே இல்லை. பத்தொன்பது வருடத்தில் வாங்கிய எந்தத் திட்டும் இவ்வளவு வலித்ததில்லை.

போர்டுகளை மறுபடி அலசி, வெயிலில் வைத்தோம். சௌமியா ஒரு பக்கம் தூக்க, நான் ஒரு பக்கம் தூக்க, தட்டை மேடம் அறைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடிக்கு எடுத்துப் போனோம். மணலிப் பக்கம் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

"2015 டிசம்பர் நோட்டு, அண்ணா. இருபத்திமூணாம் பக்கம். நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. புதன்கிழமையே படிச்சுட்டேன்."

நான் தட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "பின்ன ஏன் சொல்லல?"

"மேடத்துக்கு கணக்குல காட்டணும்னு நெனச்சேன். அது ஒண்ணு." போர்டுகளை வெயிலுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். "இன்னொண்ணு, நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நேத்து கேட்டேன் இல்ல? அப்பக்கூட சொல்லுவீங்கன்னுதான் நெனச்சேன்."

நான் என்ன சொல்ல முடியும்? உன்னைப் பார்த்தால் வயிறெரிகிறது, அதனால் சொல்லவில்லை என்றா? கடைசியில் அதைத்தான் சொன்னேன். "பொறாமைம்மா" என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"தெரியும்ணா" என்றாள். சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "தட்டப் புடிங்க, நெழல் வந்துடுச்சு, அந்தப் பக்கம் தள்ளி வெக்கலாம்."

சனிக்கிழமை பார்க்க வந்தவர்கள் காலையிலும் மதியத்திலும் மீட்டர் வைத்தார்கள். காலை நாற்பத்து நான்கு, மதியம் நாற்பத்தெட்டு. வெயிலுக்கு ஏறியது, ஏற வேண்டிய மாதிரி. லேப்டாப் சொன்னதும் அதேதான். ஆர்டர் கிடைத்தது. சௌமியா இன்சார்ஜ் ஆனாள். பச்சைப் புள்ளி பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை அவள் கேட்கவில்லை.

இன்சார்ஜாக அவள் செய்த முதல் வேலை, கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியது. ஏதோ ஆங்கிலத்தில் விதிமுறை அச்சடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் நோட்டின் இருபத்திமூன்றாம் பக்கம். ஜெராக்ஸ் எடுத்து, தண்ணீர் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள்.

"காலையில் தொண்ணூறு, மதியம் அறுபது என்று வந்தால் போர்டில் உப்பு என்று அர்த்தம். போர் தண்ணீர் கூடாது. கடைசி அலசல் பேட்டரி தண்ணியில். இதைப் பின்னால் வருகிறவர்களுக்கு மறக்காமல் சொல்ல வேண்டும். - அசோகன்."

அந்த எண்கள்கூட மாறவில்லை. தினமும் கை கழுவப் போகும்போது அதைப் படிக்கிறேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, இப்போது எனக்கு அப்படி வராது. லேப்டாப் இல்லாமல், இரண்டு நாள் யாரும் டீ கொண்டுவந்து தராமல், யாரைப் பார்த்தும் வயிறெரியாமல் கண்டுபிடித்து, பின்னால் வரப்போகிறவளுக்காக எழுதியும் வைத்திருக்கிறான் ஒருத்தன். சௌமியாமேல் இருந்த பொறாமை இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இப்போது எனக்கு அவன்மேல்தான் பொறாமை.